பொதுப்பணியின் பொறுப்பாளர்: கட்டற்ற மென்பொருளில் நம்பிக்கை பிறப்பதும் நிலைப்பதும்

(வாடிப்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கட்டற்ற மென்பொருள் திட்டங்களின் பொறுப்பாளர்களைப் பற்றி. உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசி லினக்ஸ் கருவின் மேல் இயங்குகிறது. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் இருந்தது; சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் அதை டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பிலிருந்து உருவாக்கியது. இவற்றின் மூலநிரலை யாரும் வாசிக்கலாம், படியெடுக்கலாம், தம் படியில் விரும்பியபடி மாற்றலாம். ஆனால் உலகமே பயன்படுத்தும் பொதுப்படியில் எது சேரலாம், எது சேரக்கூடாது என்று முடிவுசெய்பவர்கள் ஒரு சிலரே. மெயின்டெய்னர் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் அந்தச் சிலரைத்தான் நான் பொறுப்பாளர் என்கிறேன். அவர்களை எந்த அரசும் நியமிக்கவில்லை. பலருக்குச் சம்பளமும் கிடையாது. ஆனாலும் அவர்களுடைய முகத்தை ஒருநாளும் பார்த்திராத கோடிக்கணக்கானவர்கள் அவர்கள் வேலையை நம்பித்தான் பணம் அனுப்புகிறார்கள், மருத்துவமனையில் பதிவுசெய்கிறார்கள், தேர்வு முடிவைப் பார்க்கிறார்கள். இந்த நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது? சிலரிடம் முப்பது ஆண்டுகள் நிலைக்கும் அது வேறு சிலரிடம் ஏன் சில வாரங்களில் கலைந்துபோகிறது?

வாடிப்பட்டிக்கு இந்தக் கேள்வி புதிதன்று. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்குத் தண்ணீர் தருகிறது. கால்வாய்க்கு மதகு உண்டு, பொறியாளர் உண்டு, அரசாணை உண்டு. ஆனால் கண்மாய் மடையைத் திறந்து கடைமடை வயல் வரை தண்ணீரைக் கொண்டு சேர்ப்பதை இப்பக்கத்து ஊர்கள் பல காலமாக நீர்பாய்ச்சியின் பொறுப்பில் விட்டிருந்தன. அவருடைய நல்ல குணம் ஒன்றை மட்டும் நம்பியா ஊர் அதைச் செய்தது? அவர் மடை திறப்பதை ஊரே பார்க்கிறது. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. முறை தவறினால் அன்று மாலையே கேட்க ஆள் உண்டு. இந்த ஒப்புமையை இதற்குமேல் நீட்டப் போவதில்லை. அதிலிருந்து ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் துணிபு இது: ஒருவர் பொறுப்பாளர் ஆவதற்குத் திறமையும் உழைப்பும் போதும். நம்பகமான பொறுப்பாளராக நிலைக்க அவை போதா. தம் வேலையைப் பிறர் சோதிக்க அவர் தொடர்ந்து இடம் கொடுக்க வேண்டும். தமக்குப் பதிலாக இன்னொருவர் அமரும் வழியையும் திறந்து வைத்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் நாம் வைக்கும் நம்பிக்கை, எத்தனை நல்லவர் மேல் வைத்தாலும், இடர்ப்பாடுதான். இதை ஆறு கூறுகளாக விளக்குகிறேன்.

1. சலிப்பான வேலையே முதல் தகுதி

மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு முயற்சியிலிருந்து தொடங்குகிறேன். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதன் ஒருங்கிணைப்பாளர். அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் துணை ஒருங்கிணைப்பாளர். தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்வார்கள், வேறு சிலர் மெய்ப்பு பார்ப்பார்கள், முடிந்த கோப்பை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். திருக்குறள் அதன் முதல் மின்னூல். இன்று சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டுப் புதினங்கள் வரை நூற்றுக்கணக்கான நூல்கள் அதில் உள்ளன. அங்கே கையாளப்படுவது நிரலன்று, நூல்தான். ஆனாலும் அமைப்பு முறையால் அது கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் உடன்பிறப்பு: உலகெங்கும் சிதறிய தன்னார்வலர்கள், ஒரு பொதுப்படி, அந்தப் படிக்குப் பொறுப்பேற்ற சிலர்.

அந்தச் சிலர் மேல் தமிழ்கூறும் நல்லுலகம் நம்பிக்கை வைத்ததற்கு அவர்களுடைய பட்டங்கள் காரணம் அல்ல. மெய்ப்பு பார்ப்பவர் முன் பழைய பதிப்பின் பக்கம் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அச்சில் ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் ‘றா’, ‘னை’ முதலியவை வேறு வடிவில் இருக்கும். ஒற்று இரட்டித்ததா இல்லையா என்பதைச் செய்யுளின் தளை கொண்டுதான் சில இடங்களில் முடிவுசெய்ய முடியும். இத்தனையும் கவனித்துப் பக்கம் பக்கமாக முடித்த பிறகு வேறொரு சிக்கல் வந்தது. தொடக்க காலக் கோப்புகள் பல தகுதரம் என்ற திஸ்கி குறியேற்றத்தில் இருந்தன. அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகும்; ‘கொ’ என்பதற்கு ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்று மூன்று துண்டுகள். பின்னர் பொதுவழக்கான யூனிகோடில் ககரம் முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். ஆகவே தொகுப்பு முழுவதையும் மாற்றிச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. இதற்கு மேடையில்லை, மாலையில்லை. ஆண்டுக்கணக்கில் இந்த வேலை நின்றுபோகாமல் நடந்தது என்பதே அவர்கள் மேல் நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம்.

மென்பொருள் திட்டங்களிலும் நடைமுறை இதுவே. 1993இல் தொடங்கிய டெபியனில் உறுப்பினராக விரும்புபவர் முதலில் வேலை செய்து காட்ட வேண்டும். அதன் பிறகுதான் ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் அவருக்காகப் பரிந்துரைப்பார்; அவருடைய அடையாளம் சோதிக்கப்படும்; திட்டத்தின் சமூக ஒப்பந்தத்தையும் தொழில்நுட்ப விதிகளையும் அவர் உணர்ந்திருக்கிறாரா என்று கேள்விகள் கேட்கப்படும். புதிய வசதி எழுதுவதில் எல்லாருக்கும் ஆசை உண்டு. பிழை அறிக்கையை வாசித்து, அதே பிழையைத் தம் கணினியில் வரவழைத்துப் பார்த்து, பழைய பதிப்பில் அது இருந்ததா என்று தேடி, விளக்கக் குறிப்பையும் திருத்துபவர் சிலரே. அவரிடம்தான் சாவி போய்ச் சேர்கிறது.

2. பெயரிட்டுப் பொறுப்பேற்றல்

உழைப்பு மட்டும் இருந்து, யார் உழைத்தார் என்ற பதிவு இல்லையென்றால் நம்பிக்கைக்கு வேரில்லை. மதுரைத் திட்டத்தின் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர், மூலம் தந்தவர் பெயர்கள் இருக்கும். கோப்பை யாரும் பரப்பலாம். அந்தத் தலைப்பை நீக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. பெயருக்காக வைத்த நிபந்தனையாக இது தோன்றலாம். இதன் பயன் வேறு. ஒரு சொல் தவறாக இருந்தால் யாரைக் கேட்பது, எந்தப் பதிப்பைப் புரட்டுவது என்பதற்கு விடை அந்தத் தலைப்பில் இருக்கிறது.

இந்த ஒழுக்கம் நமக்கு இறக்குமதியானதன்று. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஏடுகளிலிருந்து நூல்களை அச்சேற்றிய காலத்தில் நிறுவிய ஒழுக்கம் அது. 1887இல் சீவக சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்தன. தமக்குக் கிடைத்த ஏடுகள் யாரிடமிருந்து வந்தன என்று அவர் முன்னுரைகளில் சொல்கிறார். தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, வேறு ஏடுகளில் கண்ட பாடபேதங்களையும் அச்சிடுகிறார். அதனால், அவர் முடிவோடு உடன்படாத ஆய்வாளருக்கும் அந்தப் பதிப்பே கருவியாகிறது. தாம் தள்ளிய பாடத்தையும் வாசகர் கையில் தருபவர், தம் தீர்ப்பை எதிர்த்து வாதிடவும் இடம் தருகிறார். ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்தப் பதிப்புகள் மேல் ஆய்வாளர்கள் கொண்ட மதிப்புக்கு இது பெருங்காரணம்.

லினக்ஸ் இதே முடிவுக்கு ஒரு வழக்கின் நெருக்கடியால் வந்து சேர்ந்தது. நிரலின் உரிமை பற்றி எஸ்.சி.ஓ. நிறுவனம் வழக்காடிய காலத்தில், 2004ஆம் ஆண்டில், ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அனுப்பியவரும் ஏற்றவரும் பெயரிட்டு உறுதியளிக்கும் முறை வந்தது. ஒரு திருத்தம் எந்தெந்தக் கைகளைக் கடந்து பொதுப்படிக்கு வந்தது என்பதை இன்று யாரும் பார்க்கலாம். 2011 ஆகஸ்டில் லினக்ஸ் மூலநிரல் வைக்கப்பட்ட கணினிகளுக்குள் யாரோ ஊடுருவியது தெரியவந்தபோது, நிரலர்கள் தங்கள் மின்கையொப்பச் சாவிகளை மறுபடி உருவாக்கி, நேரில் சந்தித்து ஒருவர் மற்றொருவரின் சாவிக்குச் சான்றளித்தார்கள். பத்தாண்டு, பதினைந்தாண்டுப் பழக்கம் உள்ளவர்கள்கூட, நீங்கள் நீங்கள்தானா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அதை அவமதிப்பாக அவர்கள் கருதியிருந்தால் திட்டம் எழுந்து நின்றிருக்காது.

3. சோதனைக்கு இடம் கொடுத்தல்

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பொறுமையான உழைப்பும் பதிவான பெயரும் நம்பிக்கைக்குப் போதும் என்றால், வஞ்சகர் ஒருவர் இரண்டையும் திட்டமிட்டுச் செய்துகாட்டினால் என்ன ஆகும்? இது கற்பனை அன்று, நடந்தது. எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் பல ஆண்டுகள் அநேகமாகத் தனியாளாக அதைக் கவனித்துவந்தார். 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒரு கணக்கு தோன்றி, பயனுள்ள சிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்கியது. 2022இல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொரு பொறுப்பாளரைச் சேருங்கள் என்று கொலினை நெருக்கினார்கள். தமக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமில்லாத வேலை என்பதையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார். நெருக்குதல் நின்றபாடில்லை. கடைசியில் அந்தப் புதியவருக்கு வெளியீட்டு உரிமை கிடைத்தது.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் பின்கதவு ஒன்று ஒளிந்திருந்தது. அதன் பெரும்பகுதி, சோதனைக்கான சிதைந்த கோப்புகள் என்ற பெயரில், மூலநிரலை வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்துக்குள் வந்து உட்கார்ந்தது. அதை எழுப்பிவிடும் வரியோ அந்தக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டப்பட்ட கோப்புத் தொகுப்பில் மட்டுமே இருந்தது. அதாவது, எல்லாரும் பார்க்கும் மூலநிரலும் எல்லாருக்கும் வழங்கிய பொட்டலமும் ஒன்றாக இல்லை. ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் வேறொரு வேலைக்காகத் தம் கணினியின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலை நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். அந்த அரை நொடியை விடாமல் துருவிப் போய், 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியன், பெடோரா முதலிய லினக்ஸ் தொகுப்புகளின் சோதனைப் பதிப்புகளைத் தாண்டி அது பெருமளவில் பரவுமுன் தடுக்கப்பட்டது.

இதிலிருந்து யாரையும் நம்பாதே என்று பாடம் எடுப்பவர்கள் உண்டு. நான் வேறு பாடம் எடுக்கிறேன். ஜியா டான் செய்த இரண்டாண்டு வேலை அவர் மேல் நம்பிக்கை வைக்கப் போதுமானதா என்ற கேள்வியே பிழையானது. எத்தனை ஆண்டு வேலையாக இருந்தாலும், அதைக் காட்டிச் சோதனையிலிருந்து விலக்கு வாங்க முடியும் என்ற நிலைமைதான் குறை. பொட்டலமும் களஞ்சியமும் ஒன்றா என்று ஒப்பிடும் இரண்டாவது கண் அங்கே இல்லை. வேறொருவர் வேறொரு கணினியில் அதே மூலநிரலிலிருந்து கட்டினால் எழுத்துக்கு எழுத்து ஒரே பொட்டலம் வர வேண்டும் என்ற முயற்சியை டெபியன் முதலிய திட்டங்கள் பல ஆண்டுகளாக நடத்திவருகின்றன. இத்தகைய சோதனைக்கு எதிராகத் தன்னார்வலர்கள் சொல்லும் குறை ஒன்று: சம்பளமில்லாமல் வேலை செய்கிறோம், எங்களையே சந்தேகிப்பதா? மனத்தைத் தொடும் குறைதான். ஆனால் சோதனை ஒருவருக்கு மட்டும் என்றால்தான் அது சந்தேகம். எல்லாருக்கும், நிறுவனருக்கும் சேர்த்து என்றால் அது வழக்கம். வழக்கமாகிவிட்ட சோதனை நேர்மையாளரைக் காக்கிறது. தம் சாவி திருடுபோனாலும், தம் மேல் பொய்ப்பழி வந்தாலும், அவர் பக்கம் பேசச் சான்று இருக்கும்.

4. மறுக்கும் பொறுப்பும் மறுக்கும் பண்பும்

பொறுப்பாளரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி மறுப்பதுதான். வந்த திருத்தம் ஒருவருக்குப் பயன்படும், ஆயிரம் பேருக்குத் தொல்லையாகும் என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மதுரைத் திட்டம் பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களையும், நாட்டுடைமையான நூல்களையும், ஆசிரியர் இசைவு தந்த நூல்களையும் வெளியிடுகிறது. நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீள்கிறது. 1954இல் மறைந்த கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமையானதால் முன்னதாகவே பொதுவுக்கு வந்தன. எல்லா எழுத்தாளருக்கும் அப்படி நேர்வதில்லை. வாசகர்கள் ஆவலோடு தேடும் நூலாக இருந்தாலும், உரிமை தெளிவாகாதவரை சேர்க்காமலிருப்பது அங்கே நெறி. மறுத்த நூல்களின் பட்டியலை யாரும் பாராட்டமாட்டார்கள். ஆனால் சேர்த்த நூல்களை ஒரு கல்லூரியோ நூலகமோ தயக்கமின்றி எடுத்தாள முடிவது அந்த மறுப்புகளால்தான்.

எப்படி மறுப்பது என்பதும் நம்பிக்கையின் கூறு. 1991இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டார்வால்ட்ஸ் தொழில்நுட்பத் தீர்ப்பில் பெரும் மதிப்புப் பெற்றவர். சக நிரலர்களைக் கடுஞ்சொற்களால் தாக்கியவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 2018 செப்டம்பரில் அவர் தம் நடத்தைக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் விலகியிருந்தார். கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அப்போது வெளியீட்டைக் கவனித்தார். அதே காலத்தில் திட்டத்துக்கு நடத்தை நெறியும் வந்தது. கண்டிப்பு இல்லையென்றால் தரம் கெடும் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். கண்டிப்பு வேறு, இழிவுபடுத்துவது வேறு. திருத்தத்தை மறுப்பவர் காரணத்தைச் சொன்னால், அனுப்பியவர் அடுத்த முறை நல்ல திருத்தத்தோடு வருவார். ஆளை இழிவுபடுத்தினால் அவர் வருவதில்லை. அவர் பிறகு கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழையும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. சோதிக்க வருபவர்களை விரட்டும் பொறுப்பாளர் தம் கண்களில் பாதியைத் தாமே மூடிக்கொள்கிறார்.

5. சுமையும் பணமும்

இதுவரை பொறுப்பாளரின் கடமையைப் பேசினேன். பயன்பெறும் நம் கடமையைப் பேசாவிட்டால் இந்த வாதம் நியாயமாகாது. 2014 ஏப்ரலில் ஓப்பன்-எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்று பெயர்பெற்ற பிழை வெளியானது. வங்கி முதல் மின்னஞ்சல் வரை இணையத்தின் இரகசியப் பரிமாற்றங்களில் மிகப் பெரும் பகுதியைக் காத்துவந்த மென்பொருள் அது. அதற்கு முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். கோடிகளில் ஆதாயம் பார்த்த நிறுவனங்கள் அந்த நிரலை இலவசமாக எடுத்துக்கொண்டன. அதைப் படித்துப் பார்க்க ஆள் அனுப்பவில்லை. மூலநிரல் திறந்திருந்தால் ஆயிரம் கண்கள் பார்க்கும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்திருப்பதாலேயே யாரும் உள்ளே போய்ப் பார்த்துவிடுவதில்லை; பார்க்கும் வேலைக்கு நேரம் வேண்டும், நேரத்துக்குச் சோறு வேண்டும். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு லினக்ஸ் பவுண்டேஷன் வழியாகப் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து இத்தகைய அடித்தள மென்பொருள்களுக்கு நிதி ஒதுக்கத் தொடங்கின.

அப்படியானால் எல்லாப் பொறுப்பாளருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? தீராது என்பதே என் விடை. சம்பளம் களைப்பைக் குறைக்கும். களைப்பைப் பயன்படுத்தி ஏமாற்ற வருபவரின் வழியை அடைக்கும். எக்ஸ்-இசட் கதையில் அது பெரிய உதவியாக இருந்திருக்கும். ஆனால் சம்பளம் தருபவரின் விருப்பம் திட்டத்தின் விருப்பமாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே பணம் ஒரு கையிலிருந்து வரக்கூடாது. எதற்காக வந்தது என்பது பொதுவில் தெரிய வேண்டும். ஈழத்து ஆவணங்களைக் காக்க 2005இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய நூலகத் திட்டம், பின்னர் நூலக நிறுவனமாக வளர்ந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இழப்பை நெஞ்சில் சுமந்த சமூகம், காப்புப் பணியைத் தனியொருவர் ஓய்வுநேரத்தில் விட்டுவைக்க முடியாது என்று உணர்ந்தது. பலருடைய நன்கொடை, முறையான பணியாளர், தன்னார்வலர் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்து நிற்கின்றன. தமிழ் மென்பொருள் திட்டங்களுக்கு அந்த வடிவம் தேவைப்படுகிறது.

6. விலகும் முறை

கடைசிக் கூறு பலரும் பேசத் தயங்குவது. பொறுப்பாளர் என்றாவது போகத்தான் வேண்டும். களைத்துப் போகலாம், ஆர்வம் மாறலாம், மறையலாம். எப்படிப் போகிறார் என்பதைப் பொறுத்தே அவர் சேர்த்த நம்பிக்கை அடுத்தவரிடம் போய்ச் சேரும், அல்லது வீணாகும். 2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற சிறு நிரல் தொகுப்பின் ஆசிரியர், தாம் பயன்படுத்தாத அதை, ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மின்னஞ்சல் அனுப்பிய முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டார். பெற்றவர் பிட்காயின் திருடும் நிரலை அதற்குள் சேர்த்தார். வாரந்தோறும் இலட்சக்கணக்கில் தரவிறக்கமாகும் தொகுப்பு அது. தந்தவர் மேல் பழியை முழுதும் போட்டுவிட நான் ஒப்பமாட்டேன். ஏற்க வேறு யாரும் முன்வராத நிலையில் அவர் கொடுத்தார். ஆனால் கைமாறியதை அறிவிக்கவும், புதியவரின் முதல் வெளியீடுகளைப் பார்க்கவும் எந்த ஏற்பாடும் அங்கே இல்லை.

இதற்கு மாறான காட்சிகளும் உண்டு. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், ஒரு மாற்றம் பற்றிய கடும் விவாதத்துக்குப் பின் 2018 ஜூலையில் இறுதி முடிவெடுக்கும் இடத்திலிருந்து விலகினார். வாரிசு யார் என்று அவர் கைகாட்டவில்லை. முதன்மை நிரலர்கள் பல ஆட்சிமுறைகளை எழுதி விவாதித்து வாக்களித்து, 2019 முதல் ஐவர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விம் எழுதுகருவியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய பிராம் மூலனார் 2023 ஆகஸ்டில் மறைந்தார். உடன் உழைத்தவர்கள் பணியைத் தொடர்ந்து, 2024 ஜனவரியில் 9.1 பதிப்பை அவருக்குக் காணிக்கையாக வெளியிட்டார்கள். டெபியனில் ஒருவர் தம் பொதியைப் பார்க்க முடியாதபோது அதை ஆளற்றது என்று பொதுவில் அறிவிக்கும் முறை உண்டு. அப்படி அறிவிப்பது இழுக்காகக் கருதப்படுவதில்லை.

ஒரே கை இருந்தால்தான் ஒருமைப்பாடு இருக்கும், குழு வந்தால் தரம் சிதறும் என்பது இந்த இடத்தில் எழும் மறுப்பு. அதில் உண்மை உண்டு. சாமிநாதையர் பதிப்பின் அழகு ஒரு மனத்தின் அழகு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தபோது அதற்கு அடித்தளமிட்ட இ. மயூரநாதனின் தளராத உழைப்பு இல்லையென்றால் அது முளையிலேயே நின்றிருக்கலாம். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டின் இயல் விருதால் அதைப் போற்றியது. தொடங்குவதற்கு ஒரு கை வேண்டும் என்பதை ஒப்புகிறேன். ஆனால் இன்று தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது, நிர்வாகிகள் பலர், யாருடைய திருத்தத்தையும் யாரும் கேள்வி கேட்கலாம். ஒருவரின் உழைப்பு பலரின் முறையாக மாறியதுதான் அவருடைய சாதனையின் பெரும் பங்கு. எழுதிவைத்த நெறிகளாலும் முந்தைய முடிவுகளின் பதிவாலும் ஒருமைப்பாட்டைக் காக்க முடியும். தனிமனிதரின் நினைவு மட்டும் அதைக் காத்தால், அந்த நினைவோடு அதுவும் போய்விடும்.

அவையோரே, சொன்னவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். உழைப்பு ஒருவரைப் பொறுப்புக்குக் கொண்டுவருகிறது. பெயர்ப்பதிவு அவரைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. எல்லாருக்கும் பொதுவான சோதனை வஞ்சகரைத் தடுத்து நேர்மையாளரைக் காக்கிறது. காரணத்தோடும் பண்போடும் மறுப்பது தரத்தையும் உதவ வருபவரையும் காக்கிறது. பயன்பெறுவோர் சுமையைப் பகிர்ந்தால்தான் பொறுப்பாளர் தாங்குவார். முறையாக விலகினால்தான் அவர் கட்டியது நிற்கும். இவற்றுள் எந்த ஒன்றும் தனியாக நின்று பயன் தராது.

இந்த மண்டபத்தில் இருக்கும் மாணவ மாணவியருக்கு என் வேண்டுகோள் இது. கட்டற்ற திட்டம் ஒன்றில் சேருங்கள். தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புக்காகப் பக்கங்கள் காத்திருக்கின்றன. அதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும். நிரல் தெரிந்தவர்களுக்கு முத்து அண்ணாமலை முதலியோர் வளர்த்துவரும் ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகங்களில் தீர்க்க வேண்டிய பிழைகள் இருக்கின்றன. முதல் நாளே பெரிய வசதி எழுத முனையாதீர்கள். ஒரு பிழையைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள், பிறகு ஒன்றைத் திருத்துங்கள், பிறகு இன்னொருவர் திருத்தியதைச் சோதியுங்கள். உங்கள் திருத்தத்தை மறுத்தால் காரணத்தைக் கேட்டு மறுபடி அனுப்புங்கள். பொறுப்பு உங்கள் கைக்கு வரும் நாளில், உங்களைச் சோதிக்க இன்னொருவரை நீங்களே அழைத்து உட்காரவையுங்கள்.

கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இலவசமாக எடுத்தாளும் மென்பொருள்களின் பட்டியலை எழுதுங்கள். அவற்றுள் ஒன்றுக்காவது ஆண்டுதோறும் பணமோ, ஒரு மாணவரின் உழைப்பு நேரமோ கொடுங்கள். நம் மொழியின் நூல்களும் கருவிகளும் இன்று ஒரு சில தன்னார்வலர் கைகளில் இருக்கின்றன. அந்தக் கைகளைத் தனியே விடாமல் உடன் நிற்பதும், அன்போடு அவர்கள் வேலையைச் சரிபார்ப்பதும் நம் கடமை.